மன்னார்த் தீவில் ஒரு பகல்

நீங்கள் கொடைக்கானலுக்கு வந்திருக்கலாம். பூண்டி வரை வந்தவர்கள் சிலராகவே இருப்பர். பழனி மலையின் மேல்தட்டில் வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் சிற்றூர் அது. அங்கே பூண்டு வாங்கி வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்பி வந்தவர் எங்கள் அத்தா. கடலையே காணாத அவ்வூருக்கு 1972-ல் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியிலிருந்து மணப்பெண்ணாக வந்தவர் எங்கள் தாயார். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர். அதனால்தான் எங்கள் வீட்டில் தந்தை ‘அத்தா’, தாய் ‘உம்மா’.

அந்தக் கப்பல் 1984-ல் நின்றது. 1990 அக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். சுமார் 75,000 பேர் என்பர். தீவிலிருந்து படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களுள் உம்மாவின் தங்கையான எங்கள் சாச்சியும் ஒருவர். அச்செய்தி கடிதமாகப் பூண்டிக்கு வந்து சேர மூன்று மாதங்கள் ஆயின.

சென்ற ஆண்டு இறையருளால் புத்தளத்தில் சாச்சி வீட்டுக்குச் சென்றோம். ஒரு நாள் சுபுஹு தொழுததும் வேனில் புறப்பட்டு, அனுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னாரை அடைந்தோம்.

பாலத்தைக் கடந்து தீவில் கால் வைத்ததும் எதிர்ப்படுவது கோட்டைதான். நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி, உள்ளே கூரையிழந்த தேவாலயம். 1560-ல் போர்த்துக்கீசியர் கட்டினர். 1658-ல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பின்னர் வலுப்படுத்தினர். 1795-ல் ஆங்கிலேயர் வசமாயிற்று. இத்தனை பேரையும் இழுத்தது இக்கடலின் முத்து. நம் கீழக்கரை, காயல்பட்டினத்து மரைக்காயர்களும் அம்முத்து வணிகத்தில் பெயர் பெற்றவர்களே. என் மகள் விரல்விட்டு எண்ணினாள்: போர்த்துக்கீசியர் 98 ஆண்டுகள், ஒல்லாந்தர் 137. பிறகு கேட்டாள், “நாம இங்கே எத்தனை வருஷம் இருந்தோம்?”

சாச்சி சிரித்தார். “அதை யார் மகள் எழுதி வச்சது?”

உம்மா கொத்தளத்தில் ஏறவே இல்லை. வேனிலேயே அமர்ந்து எருக்கலம்பிட்டிக்குப் போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிமுனையில் பருத்த பெருக்க மரத்தைக் காட்டினோம். அரபு வணிகர் கொண்டுவந்தது என்று சொல்லப்படும் மரம். சிறுமியாக அதைச் சுற்றி ஓடியவராம். அதற்கும் அவர் இறங்கவில்லை.

பிறந்த வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணறும் மட்டுமே எஞ்சியிருந்தன. பக்கத்து வீட்டார், மீளக் குடியேறியவர்கள், வாளி தந்தார்கள். உம்மா நீரிறைத்து, குடித்து, அதே நீரில் ஒளுச் செய்து லுஹர் தொழுதார். எழுந்ததும் தங்கையின் கையைப் பற்றிக்கொண்டார். “சண்டை முடிஞ்சு இத்தனை வருஷமாச்சு. இங்கேயே ஒரு வீட்டைக் கட்டிக்கிட்டு வந்துடேன். என் பங்கையும் உனக்கே எழுதித் தர்றேன்.”

சாச்சி உடனே விடையிறுக்கவில்லை. “ராத்தா, நீங்க விரும்பிப் போனீங்க. அதனால உங்களுக்கு இந்த இடம் அப்படியே இருக்கு. எங்களைப் போகச் சொன்னாங்க. என்ட பிள்ளைகள் புத்தளத்தில பிறந்தது. பேரப்பிள்ளைகளும் அங்கதான் ஓதுது. இங்க வந்து நான் யாரோட இருக்க?”

உம்மாவின் முகம் சுருங்கியது. சகோதரிகள் இருவரும் அதன்பின் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு உம்மாவின் மேல் சற்றுக் கோபம் வந்தது என்பதையும் மறைப்பானேன்? ஒரு நாள் விருந்தாளியாக வந்தவர் கேட்கக் கூடிய கேள்வியா அது? ஆனால் ஐம்பது ஆண்டுகளாகப் பூண்டியின் குளிரில் அவர் காத்து வைத்திருந்தது இக்கிணற்றைத்தானே!

அஸர் நேரத்தில் தலைமன்னார் சென்றோம். பழைய கப்பல் துறையின் இரும்புத் தூண்கள் துருவேறி நின்றன. பிள்ளைகள் இராமேசுவரம் தெரிகிறதா என்று தேடினார்கள், தெரியவில்லை.

இரவில் வேன் மதவாச்சியைத் தாண்டியபோது, உறங்கிவிட்டார் என நாங்கள் நினைத்திருந்த உம்மா மெல்லக் கேட்டார்: “உன் வீட்டுக் கிணத்துத் தண்ணி எப்படி இருக்கும்?”

“கொஞ்சம் உப்புத்தான் ராத்தா. பழகிட்டுது.”