அம்மம்மாவிடம் நாலு கேள்வி

கம்பஸ் மைதானத்தில் பெடியள் பந்தடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது சிலவேளை அந்தக் கணக்கு ஞாபகம் வரும். 30 பேர் இறங்கினார்கள், 29 பேர் செத்தார்கள். 1987 ஒக்டோபர் 11 இரவு, புலிகளின் தலைமையைப் பிடிக்கவென்று இந்திய இராணுவம் இங்கே ஹெலியில் ஆட்களை இறக்கியது. பரா கொமாண்டோக்களுக்குப் பின்னால் வந்த சீக்கிய இலகு காலாட்படைக்காரர் 30 பேரில் ஒருவர் மட்டும் உயிரோடு பிடிபட்டார். வயர்லஸில் கதைத்ததைப் புலிகள் முதலே ஒட்டுக்கேட்டிருந்தார்கள்.

இந்த செமஸ்டர் ஒப்படைக்கு நான் எடுத்த தலைப்பு, படைகள் தங்கள் அனுபவத்தை எப்படிச் சேமிக்கின்றன என்பது. அமெரிக்க இராணுவம் 1985இல் ஃபோர்ட் லெவன்வேர்த்தில் இதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கியது. சண்டையோ பயிற்சியோ முடிந்தவுடன் எல்லாரும் வட்டமாக இருந்து நாலு கேள்வி கேட்பார்கள். என்ன நடக்க வேணுமெண்டு இருந்தது? என்ன நடந்தது? ஏன் வித்தியாசம்? அடுத்தமுறை என்ன செய்யிறது? அதிகாரி பிழை விட்டால் சிப்பாய் முகத்துக்கு நேரே சொல்லலாம். (எங்கட சங்கக் கூட்டங்களுக்கும் இது உடனடியாகத் தேவை.) சொன்னது எழுத்தாகி, முகம் தெரியாத இன்னொரு படைப்பிரிவுக்குப் போகும். அதுதான் முக்கியம். அமைதிப்படைத் தளபதிகள் தீபிந்தர் சிங்கும் ஹர்கிரத் சிங்கும் பிறகு புத்தகம் எழுதினார்கள்தான். ஆனால் ஓய்வுபெற்ற ஜெனரலின் நினைவுக்குறிப்பு, அடுத்தநாள் ரோந்து போற பெடியனுக்கு உதவாது.

முறை எனக்குப் பிடிச்சுது. அதுதான் கரைச்சல். நாலு கேள்வியிலும் ஒழுங்கைக்கு இந்தப்பக்கம் வீட்டுக்குள் இருந்த சனம் இல்லை. அந்த ஒக்டோபரில் இராணுவம் உரும்பிராய்க்குள்ளாலும் வந்தது. படை இன்னும் நல்லாகப் படித்திருந்தால் எங்கட ஊரில் குறையச் சனம் செத்திருக்குமா, கூடச் செத்திருக்குமா? ஒப்படையில் இதை எழுதவில்லை. 2010இல் எங்கட நாட்டு அரசாங்கமும் ‘கற்றுக்கொண்ட பாடங்கள்’ எண்டு பேர் வைத்து ஒரு ஆணைக்குழு அமைத்தது. அடுத்த வருசம் அறிக்கையும் வந்தது. காணாமல் போனவர்களின் அம்மாமார் இன்னும் றோட்டில் இருக்கினம்.

ஒருநாள் குசினி விறாந்தையில் வைத்து அந்த நாலு கேள்வியையும் அம்மம்மாவிடம் கேட்டேன்.

“என்ன நடக்க வேணுமெண்டு இருந்தது?”

“ஒண்டுமில்லை மோனை. தோட்டத்தைக் கொத்திப்போட்டு மழையைப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்.”

“என்ன நடந்தது?”

“செல் விழுந்தது. ஓடினனாங்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் ஒண்டும் எடுக்கேல்லை. மாடு கட்டினபடி நிண்டு செத்துப்போச்சு.”

மூன்றாவதுக்கு மறுமொழி சொல்லவில்லை. அரிசியைப் புடைத்தபடி இருந்தா. நாலாவது கேள்வியை நான் கேட்க முதலே சொன்னா. 1995 ஒக்டோபர் 30, வலிகாமமே வெளிக்கிட்ட இரவு, அவ முதலில் மாட்டை அவிட்டு விட்டவ. பிறகுதான் பையைத் தூக்கினவ.

அந்தப் பை இப்பவும் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குது. போன மாதம் திறந்து பார்த்தேன். உறுதி, அடையாள அட்டைப் பிரதிகள், ஒரு சோடித் தோடு. அடியில், என்னைக் கேட்காமலே, என்ர ஏ.எல். சான்றிதழ்.