எந்த நாளின் மனிற்றோபா?

மாதிரிப் புகையிரதம் செய்பவர்களை விளையாட்டுப் பிள்ளைகள் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். பெட்டியிலிருந்து எடுத்துத் தண்டவாளத்தில் ஓடவிடுவது விளையாட்டுத்தான். ஆனால் குறிப்பிட்ட ஓர் எஞ்சினை, அதன் இலக்கத்தோடும் பெயரோடும், அதன் மேனியிற் படிந்த கரியோடும் கறளோடும் சிறிதாக்கிச் செய்ய முற்படுவது வேறு வேலை. பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்த எனக்கு அது செய்தி எழுதுவதைப் போன்றதாகவே தோன்றுகின்றது. எது, எங்கே, எப்போது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது இலங்கைப் புகையிரதப் பகுதியின் 591ஆம் இலக்க எஞ்சின். ‘மனிற்றோபா’ என்பது அதன் பெயர். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1950களில் கனடா வழங்கிய எம் 2 வகை டீசல் எஞ்சின்களில் அதுவும் ஒன்று. ஜெனரல் மோட்டோர்ஸ் தயாரிப்பான அவற்றிற் பல, கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கியே இங்கு வந்திறங்கின.

எண்பத்தேழில் ஒரு பங்கு என்ற அளவிற் செய்யத் தொடங்கினேன். முதற் சிக்கல் காலடியிலேயே இருந்தது. நமது அகலப் பாதை 1676 மில்லிமீற்றர். இந்த அளவில் அது 19.3 மில்லிமீற்றர் ஆகவேண்டும். கடைகளிற் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர். அடுத்தது, வேறு நாடுகளில் ஓடிய இதே ஜி 12 இனத்திற் பல, நான்கு அச்சுகள் கொண்டவை. மனிற்றோபாவுக்கு ஆறு. ஒவ்வொரு போகியிலும் நடு அச்சு மோட்டார் இல்லாமற் பாரத்தை மட்டும் தாங்குவது. ஆகவே போகிகளை நானே செய்யவேண்டியதாயிற்று.

உருவம் அமைந்தபின் வருவதுதான் கடினமான கட்டம்: பழமைப்படுத்தல். புதுத் தீந்தை பூசிய எஞ்சின் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் பொம்மையாகவே தெரியும். அதற்காகக் கண்டபடி கபில நிறத்தைத் தெளித்தாலும் எஞ்சின் ஆகிவிடாது. ஒவ்வோர் அழுக்குக்கும் ஒரு காரணம் உண்டு. கூரையிற் புகைபோக்கியைச் சுற்றிக் கரி படியும். சக்கரங்களை ஒட்டிய பகுதியிற் செங்கபிலப் பொடி காணப்படும். இரும்பு பிரேக் கட்டைகள் தேய்ந்து பறந்த தூள் அது. எரிபொருள் ஊற்றும் வாய்க்குக் கீழே மாத்திரம் பளபளக்கும் கருங்கறை வழிந்திருக்கும். கரையோரப் பாதையில் ஓடும் எஞ்சினுக்கு உப்புக்காற்றும் சேர்கின்றது. தகடுகள் பொருந்தும் விளிம்புகளிலும் மழைநீர் தங்கும் இடங்களிலும் கறள் முதலிற் பிடிக்கும்.

நீர்க்கக் கரைத்த தீந்தையைப் பூசி, காயுமுன் மேலிருந்து கீழாகத் துடைத்தெடுத்தால் இடுக்குகளில் மட்டும் அழுக்கு எஞ்சும். பொடித்த சோக்குத் தூளை மெல்லிய தூரிகையாற் தடவினால் புழுதி கிடைக்கும். அளவை மாத்திரம் மறக்கலாகாது. மாதிரியில் ஒரு மில்லிமீற்றர் அளவான கறள் புள்ளி, உண்மை எஞ்சினில் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் அகலமான புண்.

இவையெல்லாம் பழகினால் வரும். என்னை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தது வேறொரு கேள்வி. எந்த நாளின் மனிற்றோபா?

2004 டிசம்பர் 26 காலை கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கு நோக்கிச் சென்ற ‘சமுத்திரா தேவி’யை இழுத்துச் சென்றது இந்த எஞ்சின்தான். ஹிக்கடுவைக்கு அருகே பெரலியவில் ஆழிப்பேரலை அதைத் தாக்கிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். உலகப் புகையிரத வரலாற்றில் அதைவிடப் பேரழிவு இல்லை.

நண்பர் ஒருவர், சேறும் சிதைவுமாய்க் கிடந்த கோலத்திலேயே செய்யும்படி கூறினார். கண்காட்சியில் எல்லோரும் அதன் முன்னேதான் நிற்பார்கள் என்றார். நிற்பார்கள்தான். கைத்திறனைக் காட்ட அதைவிட நல்ல வாய்ப்பும் இல்லை. ஆனால் அந்நாட்களின் படங்களை முன்னால் வைத்துக்கொண்டு, சேற்றின் நிறத்துக்குத் தீந்தை கலக்க எனக்குக் கை எழவில்லை. எஞ்சினின் காயத்தை எண்பத்தேழில் ஒன்றாகச் சுருக்கலாம். பெட்டிகளுக்குள் இருந்தவர்களை எப்படிச் சுருக்குவது? அவர்களை விட்டுவிட்டுச் சேற்றை மட்டும் காட்டினால் அது பாதிச் செய்தி. பாதிச் செய்தி பொய்யைவிடப் பொல்லாதது.

அதற்கு முந்திய நாளின் எஞ்சினைச் செய்யலாமா என்றும் யோசித்தேன். பெயரை வாசிப்பவர் எவரும் மறுநாளை நினையாமல் அதைப் பார்க்கமாட்டார். தெரிந்ததைத் தெரியாததுபோற் காட்டும் வேலையாக அது முடிந்துவிடும்.

மனிற்றோபா திருத்தப்பட்டு 2008இல் மீண்டும் சேவைக்கு வந்தது. நினைவாக அதன் மேனியில் ஓர் அலை வரையப்பட்டது. ஆண்டு நினைவுநாட்களில் அது பெரலியவுக்குச் சென்று நின்றதும் உண்டு. அந்த எஞ்சினையே செய்வதென்று முடிவு செய்தேன்.

அலையின் மீது அழுக்குப் படவிடலாமா என்பது கடைசிச் சங்கடம். நினைவுச் சின்னத்தைத் தூய்மையாக வைத்திருப்பதே மரியாதை என்பார்கள். மேடையில் நிற்கும் சின்னத்துக்கு அது பொருந்தும். இதுவோ திரும்பவும் வேலைக்குப் போன எஞ்சின். அதே உப்புக்காற்றும் அதே பிரேக் தூளும் அலையை விலக்கிவிட்டுப் படியா. அலையின் அடிவிளிம்பிற் கபிலத் தூளை மிக மெல்லியதாகத் தடவினேன்.

தளத்தின் அடியில் இலக்கத்தையும் பெயரையும் எழுதினேன். திகதி இருக்கவேண்டிய இடத்தில், ‘திரும்பி வந்தபின்’ என்று எழுதியிருக்கின்றேன்.