மேலிருந்து வைத்த தீ

இரண்டு இதழ்களுக்கு முன்பு கேள்வி-பதில் பகுதியில் ஒரு விவசாயி, 'தைலமரத் தோப்பில் சருகு கணுக்கால் மூடக் கிடக்கிறது, கொளுத்திவிடலாமா?' என்று கேட்டிருந்தார். படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காமல் தீக்குச்சியைக் கிழித்தவன் நான்.

எங்கள் காடு திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கரட்டை ஒட்டி இருக்கிறது. அதில் இரண்டு ஏக்கர் தைலமரம். 2017-ம் வருடம் மரத்தை வெட்டி விற்ற பிறகு பட்டையும் சருகும் மிச்சம். பங்குனி மாதம், உச்சி வெயில், கரட்டின் அடியில் நின்று பற்ற வைத்தேன். கிழக்கே தோட்டத்துப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் நினைத்தேன். தீ என் பக்கம் வரவே இல்லை. பாறை இடுக்கில் காய்ந்து கிடந்த போதைப்புல்லைப் பிடித்து மேலே ஏறிவிட்டது. பாதிக் கரட்டில் பெரியப்பா மகன் பட்டி போட்டிருந்தார். ஆடுகள் மேயப் போயிருந்தன. கொடாப்பில் கவிழ்த்து வைத்திருந்த ஒன்பது குட்டிகளும் போய்விட்டன.

பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். பேச்சு நின்றுபோனது. மறு வருடம் மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மகள் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் இருக்கிறாள். 2023 ஐப்பசியில் போயிருந்தேன். அங்கே அது வெயில் காலத்துக்கு முந்தைய பருவம். நகரத்துக்குக் கிழக்கே டார்லிங் மலைத்தொடர். மருமகனுக்குத் தெரிந்த செம்மறி வளர்க்கும் பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் நிலத்தில் ஒரு பாறைக்குன்று. பார்த்தால் எங்கள் கரடு மாதிரியே மொட்டைக் கருங்கல். சுற்றிலும் தைலமரத்தின் சொந்தக்காரர்கள்: ஜாரா, மாரி, வாண்டூ. தைலமரத்துக்குத் தாய்நாடே அதுதானே!

நான் போன அன்று அவர் தன் காட்டுக்குத் தீ வைக்கப் போகிறார் என்று மருமகன் சொன்னதும், "நான் காரிலேயே இருக்கேன் மாப்பிள்ளை" என்றேன். "சும்மா வாங்க மாமா" என்று இழுத்துப் போனார்.

விடிந்து அதிக நேரம் ஆகவில்லை. தரையில் ஈரம் இருந்தது. பெரியவர் குன்றின் மேலே, பாறை ஓரத்துக்குப் போனார். அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, மேலிருந்துதான் தீ வைத்தார். அது முழங்கால் உயரத்தில், சோம்பேறி மாடு மாதிரி பின்வாக்கில் இறங்கி வந்தது. சரிவு 10 டிகிரி கூடினால் மேலேறும் தீயின் வேகம் இரண்டு மடங்கு ஆகும் என்று அங்கே தீயணைப்புக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். 20 டிகிரி என்றால் நான்கு மடங்கு. எங்கள் கரடு அதைவிடச் செங்குத்து. நான் அடியில் நின்று பற்ற வைத்தவன்!

பாறை விளிம்பில் இருந்த செடிகளை அவர் தீண்டவிடவில்லை. அவற்றில் பல எரிந்தால் துளிர்க்காதாம். விதையில் இருந்துதான் வரவேண்டும். முளைத்துப் பூக்கவே பல வருடம். பூத்து விதை சேர்வதற்குள் அடுத்த தீ வந்தால் வம்சம் அற்றுப்போகும். செடி முதன்முதலில் பூக்க எத்தனை வருடம் ஆகிறதோ, அதில் இரண்டு மடங்காவது இடைவெளி விட வேண்டும் என்பது கணக்கு. பொந்து விழுந்த ஒரு வாண்டூ மரத்தைச் சுற்றியும் சருகை வாரி ஒதுக்கினார். அந்தப் பொந்தில்தான் கருப்புக் கொண்டைக்கிளி முட்டை வைக்கும். அப்படி ஒரு பொந்து விழ நூறு வருடத்துக்கு மேல் ஆகும்.

மரங்களுக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்டேன். முன்பு எரிந்து கறுத்த ஒரு ஜாராவைக் காட்டினார். தடித்த பட்டைக்கு அடியில் மொட்டுகள் தூங்குகின்றன; சூடு பட்டால் தண்டு முழுக்கத் தாடி மாதிரி துளிர்க்கும். அடியில் மண்ணுக்குள் கிழங்கு மாதிரி ஒரு கட்டை. தைலமரத்தை வெட்டினால் மறுபடி தழைக்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பதும் இந்தக் குணம்தான். ஆனால் எல்லாம் இப்படி இல்லை. விக்டோரியா மாநிலத்தில் மலைச் சாம்பல் மரம் என்று ஒன்று, உலகத்தின் மிக உயரமான மரங்களில் சேர்ந்தது. கடும் தீயில் செத்தே போகும், விதைதான் மிஞ்சும். அந்த மாநிலத்தில்தான் 2009 பிப்ரவரி 7-ல் ஒரே நாளில் மூண்ட தீயில் 173 பேர் இறந்தார்கள்.

இதையெல்லாம்விட என்னைத் தைத்தது வேறு. அந்தப் பருவத்தில் அங்கே தீ வைக்க அனுமதிச் சீட்டு வேண்டும். பக்கத்து நிலத்துக்காரருக்கு நான்கு நாளாவது முன்னதாகச் சொல்ல வேண்டும். மூன்று பேராவது கூடவே நிற்க வேண்டும். அன்று அங்கே நின்றவர்களில் ஒருவர் பக்கத்துப் பண்ணைக்காரர்.

அங்கே பார்த்ததை அப்படியே இங்கே செய்யலாம் என்று தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் கரட்டில் இருப்பது உசிலை, வெள்வேல், கிளுவை. அடிக்கடி எரிந்தால் புல்தான் மிஞ்சும்; அடுத்த தீ இன்னும் சுலபமாகப் பிடிக்கும். எங்கள் கரட்டில் அதைக் கண்ணால் பார்க்கிறேன். காப்புக்காடு என்றால் தீ வைப்பது குற்றமும்கூட. அதனால் கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதில்: கொளுத்தாதீர்கள், வாருங்கள். நான் இப்போது கரட்டுக்கும் தோப்புக்கும் நடுவில் மூன்று மீட்டர் அகலத்துக்கு வருடா வருடம் தையிலேயே உழுது வெறும் மண்ணாக்கி விடுகிறேன். சருகைத் தோப்புக்கு வெளியே, கரட்டை விட்டுத் தள்ளி, வெற்று நிலத்தில் சேர்க்கிறேன். முதல் வருடம் குவியல் அளவுக்கு மீறிப் போனது. பனி இறங்கிய விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாக எரிப்பது என்று முடிவு செய்தேன்.

நான்கு நாளைக்கு முன்னால் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஏழு வருடம் கழித்து. விஷயத்தைச் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. அண்ணிதான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"யார் யாரு நிக்கிறீங்க?" என்றார்.

"நானும் தம்பியும்ணே. மூணு பேராவது வேணும்."

பதில் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அன்று விடியற்காலை நான் போனபோது, குவியலுக்குப் பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீரும் ஒரு கட்டு வேப்பந்தழையும் இருந்தன. அண்ணன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கரட்டைப் பார்த்தபடி நின்றிருந்தார்.