எரிந்த கடதாசிகளுக்கு அப்பால் ஒரு மனிதர்

வாப்பாவின் வாப்பா வாழ்ந்த கதையைக் கடதாசிகளை மட்டும் வைத்து எழுதச் சொன்னால் உங்களால் முடியுமா? காணி உறுதி ஒன்று அகப்படலாம். அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பது அதில் இராதே! முதலாம் உலக யுத்தத்துக்குப் போன ஆங்கிலேயப் பைத்தியசாலை ஊழியர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் இதே சங்கடம்தான்.

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அவரைப் பிடித்துவிடலாம். வேலை செய்த பைத்தியசாலையிலேயே தங்கியிருந்திருப்பார். நோயாளரைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரவெல்லாம் விழித்திருப்பது, வெறிகொண்டவரைக் காயப்படாமல் பிடித்துக்கொள்வது இவைதான் தொழில். நீண்ட வேலைநேரம், சொற்பச் சம்பளம். 1910இல்தான் அவர்களுக்கென ஒரு தொழிற்சங்கம் பிறந்தது. ஆனாலும் கற்றுக்கொள்ளாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1891 முதலே அவர்களுக்குப் பரீட்சையும் சான்றிதழும் இருந்தன.

1914இல் யுத்தம் மூண்டதும் இத்தகையோர் பலர் இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார்கள். நோயாளியைத் தூக்கவும் அமர்த்தவும் பழகிய கைகள் அல்லவா!

இதன் பிறகுதான் தடயம் மங்குகிறது. 1940 செப்டம்பரில் ஜேர்மனியர் இலண்டனில் போட்ட குண்டுகளால் படைவீரர்களின் சேவைப் பதிவேடுகளில் பாதிக்கும் மேல் எரிந்துபோயின. எஞ்சுவது பெரும்பாலும் ஒரு பதக்க அட்டை. பெயர், இலக்கம், பதவி, பதக்கம், சிலவேளை போர்க்களம் புகுந்த திகதி. அவ்வளவுதான். மருத்துவப் பிரிவுகளின் நாட்குறிப்புகள் உண்டு. அவற்றில் அதிகாரிகளின் பெயர்களே அதிகம். காயப்பட்டவரைச் சுமந்தவரின் பெயரை யார் எழுதினார்?

அவர் செய்த வேலையை மட்டும் அறியலாம். 1917இல் பெல்ஜியத்தின் பாஷண்டேல் சேற்றில் ஒரு ஸ்ட்ரெச்சரைச் சுமக்க ஆறு பேர், எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். முழங்கால்வரை புதையும், குண்டுகள் விழும், கையிலோ ஆயுதமில்லை.

அவர் விட்டுவந்த நோயாளர் என்ன ஆனார்கள்? இதைத்தான் பலர் கேட்பதில்லை. நோர்போக் மாகாணப் பைத்தியசாலை 1915இல் யுத்த ஆஸ்பத்திரியாக்கப்பட்டது. இப்படிப் பல. அங்கிருந்தவர்களை ஏற்கனவே நிரம்பியிருந்த வேறு இடங்களுக்குள் அடைத்தார்கள். உணவும் குறைந்தது, ஊழியரும் குறைந்தார்கள். காசநோய் பரவியது. 1918இல் இங்கிலாந்தின் பைத்தியசாலைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தார். அவர்களுக்குப் பதக்க அட்டையும் இல்லை.

யுத்தம் முடிந்து ஊழியர் பழைய வேலைக்குத் திரும்பியபோது, வார்டில் புதிய முகங்கள் இருந்தன. போரில் மனம் பேதலித்த படைவீரர்கள். அவர்களுக்கான செலவை அரசாங்கம் தனியாகக் கொடுத்தது. அவர்களில் சிலரைச் சேற்றிலிருந்து சுமந்தவரே அவராகவும் இருக்கலாம்.