பேரனும் கோல்ஃபும்

மகள் டல்லாஸிலிருந்து போன் செய்தாள். "அப்பா, நீங்கதான் அவன்கிட்டப் பேசணும்."

அவன் என்றால் என் பேரன். பதினாறு வயது. படித்து வேலைக்குப் போகிற எண்ணம் இல்லையாம், கோல்ஃப் ஆடியே சம்பாதிக்கப் போகிறானாம். "வாழ்க்கை பூரா பாங்க்ல லோன் பார்த்தவர் நீங்க. கணக்குப் போட்டுக் காட்டுங்க, தாத்தா சொன்னா கேட்பான்" என்றாள்.

கணக்கு என்றால் எனக்கு இன்னும் கை அரிக்கும். இரண்டு நாள் உட்கார்ந்து, லோன் அப்ளிகேஷனைப் பார்ப்பது மாதிரியே பார்த்தேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பதினெட்டுக் குழிகளிலும் பந்தைப் போட எத்தனை அடி எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. குறைந்த அடி எடுத்தவருக்கு வெற்றி. நல்ல ஆட்டக்காரருக்கு இத்தனை அடி போதும் என்று ஒவ்வொரு மைதானத்துக்கும் ஓர் எண் உண்டு, பெரும்பாலும் 72. அந்த எண்ணுக்குச் சமமாக ஆடக்கூடியவரை 'ஸ்க்ராட்ச்' ஆட்டக்காரர் என்பார்கள். அமெரிக்காவில் ஹேண்டிகேப் பதிவு வைத்திருக்கும் ஆண்களில் நூற்றுக்கு இரண்டு பேர்தான் அந்த இடத்துக்கு வருகிறார்கள். தங்கள் கிளப்பில் அவர்கள் ராஜா. ஆனால் டிவியில் நாம் பார்க்கும் தொழில்முறை ஆட்டக்காரர், அந்த ராஜாவைவிட நாளைக்கு ஐந்து அடியாவது குறைவாக ஆடுகிறார். போட்டி நான்கு நாள். அப்படியானால் இருபது அடி வித்தியாசம். பல போட்டிகளில் முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு அடி.

அடுத்தது வேலைவாய்ப்பு. பிஜிஏ டூரில் வருடக் கடைசியில் முதல் 125 பேருக்கு அடுத்த வருடத்துக்கான முழு அனுமதி இருந்தது. இப்போது அதை 100 ஆகக் குறைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து நேரடியாக உள்ளே நுழைய 'கியூ ஸ்கூல்' என்று ஒரு தேர்வு உண்டு. கட்டம் கட்டமாக வடிகட்டி, கடைசியில் அனுமதி கிடைப்பது முதல் ஐந்து இடங்களுக்கு. நம் ஐஏஎஸ் பரீட்சையில்கூட வருடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் இடம் இருக்கிறது. அதில் ஒரு தடவை தேறினால் ரிடையராகும் வரை கவலையில்லை. இங்கே வருடா வருடம் பரீட்சை! போட்டிக்குப் போய் முதல் இரண்டு நாள் சரியாக ஆடாவிட்டால் பாதியிலேயே மூட்டை கட்ட வேண்டும், பரிசுப் பணத்தில் ஒரு காசு வராது.

"ரிஜெக்டட்" என்று எழுதிவிடலாம். பேனாவையும் எடுத்துவிட்டேன். அப்போதுதான் முன்பு ஒரு முறை இதே மாதிரி எழுதியது ஞாபகம் வந்தது.

1986. பெங்களூரில் வேலை. எங்கள் கிளையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கோல்ஃப் மைதானம். ஒருநாள் ஒரு பையன் வந்து நின்றான், இருபத்திரண்டு வயதிருக்கும். மெம்பர்களுக்கு மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வேலை. கேடி என்பார்கள் (போலீஸ் சொல்கிற கேடி இல்லை!). நல்ல தமிழில் பேசினான். "சார், திங்கக்கெழம கிரவுண்டு லீவு. அன்னிக்கு எங்கள ஆட விடுவாங்க. நான் எழுபது, எழுபத்தொண்ணு அடிக்கிறேன் சார். சொந்தமா ஒரு செட் இருந்தா போட்டிக்குப் போவேன்." பழைய செட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். நாலாயிரம் ரூபாய் கேட்டான்.

சம்பளச் சான்று இல்லை. ஜாமீன் போட ஆள் இல்லை. எழுபத்தொன்று என்றால் என்னவென்றும் அன்று எனக்குத் தெரியாது. ஏதோ மார்க் சொல்கிறான் என்று நினைத்தேன். ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டேன். "சரிங்க சார்" என்று சொல்லி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

1991இல் அலி ஷேர் இந்தியன் ஓபனை ஜெயித்தார். அதை ஜெயித்த முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர். டெல்லி கிளப்பில் கேடியாக இருந்தவர் என்று பேப்பரில் படித்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. 2009இல் அதே போட்டியை பெங்களூர் முனியப்பா ஜெயித்தார், அவரும் கேடியாக இருந்தவர்தான். போட்டோவை உற்று உற்றுப் பார்த்தேன். வயது ஒத்துவராது, என்னிடம் வந்த பையன் இவரில்லை. அவன் பெயரும் எனக்கு மறந்துவிட்டது.

அன்று நான் போட்ட கணக்கு தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். அவனைப் போல பை தூக்கினவர்களில் எத்தனையோ பேர் கடைசி வரை பைதான் தூக்கினார்கள். ஆனால் கணக்குப் பார்த்து அனுப்பினேனா, சட்டையைப் பார்த்து அனுப்பினேனா என்பதற்குத்தான் பதில் இல்லை. என் பேரன் தோற்றால் காலேஜ் இருக்கிறது, அப்பா அம்மா இருக்கிறார்கள், இரண்டு வருடம் போகும். அந்தப் பையனுக்கு நாலாயிரம் ரூபாய்தான் வாசல்.

ஞாயிற்றுக்கிழமை பேரன் வீடியோவில் வந்தான். அமெரிக்கத் தமிழில், "தாத்தா, அம்மா உங்களைத் திட்டச் சொன்னாங்களா?" என்றான்.

நூறு, ஐந்து, இருபது அடி, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவனுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

"நேற்று எத்தனைடா அடிச்சே?" என்றேன்.

"எழுபத்துநாலு."

"அந்த ரெண்டு எங்கே போச்சு?"

அவ்வளவுதான். பதினொன்றாவது குழி, காற்று, மணல் என்று முக்கால் மணி நேரம் விடவில்லை. பாதி புரியவில்லை. குறுக்கே பேசாமல் கேட்டேன். பின்னால் மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.