வாசல் யார் பேரில் இருக்கு?

பெங்களூரிலிருந்து ஒரு மாமி போன் பண்ணி, "உங்க வெப்சைட்டைத் திறந்தா ரம்மி ஆடக் கூப்பிடறதே, தொழிலை மாத்திண்டுட்டேளா?" என்று கேட்டபோதுதான் அத்தைக்கு விஷயம் தெரிந்தது. ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதியில் முப்பது வருஷமாகக் கல்யாணச் சீர் பட்சணம் செய்து கொடுப்பவர்கள் அத்தையும் அத்திம்பேரும். முறுக்கு, அதிரசம், மனோகரம், பருப்புத் தேங்காய். அவர்களுக்குத் தெரிந்த ஒரே ஆட்டம், வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க ஆடும் பரமபதம்.

2014-ல் தெரிந்த பையன் ஒருவன் அந்த வெப்சைட்டைச் செய்து கொடுத்திருந்தான். டொமைன் பெயரைத் தன் மெயில் ஐடியில், தன் பேரிலேயே பதிவு செய்து வருஷா வருஷம் புதுப்பித்தும் வந்தான். பிறகு வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். பழைய மெயிலை அவன் திறப்பதே இல்லை. டாட் காம் பெயர் ஒரே ராத்திரியில் பறிபோவதில்லை. கெடு முடிந்த பிறகும் பதிவு நிறுவனம் 45 நாள் வரை அதை வைத்திருக்கலாம். நீக்கிய பிறகு கூடுதல் பணம் கட்டி மீட்க இன்னும் 30 நாள். கடைசியாக 5 நாள் காத்திருப்பு. அதற்கப்புறம் உலகத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அத்தனை நாளும் எச்சரிக்கை மெயில்கள் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும், ஆள் குடியில்லாத வீட்டு வாசலுக்கு.

தை முகூர்த்தத்துக்கு ஆறு வாரம் இருந்தது. அந்த முகவரி அச்சிட்ட அட்டைப்பெட்டிகள் மாடியில் அடுக்கடுக்காகக் கிடந்தன. அத்தைக்குப் பணம் போனது பெரிய கவலையாகப் படவில்லை. "பொண்ணாத்துக்காரா சீரோட அனுப்பற பெட்டிடா அது. சம்பந்தியாத்துல யாராவது அதைப் போட்டுப் பாத்தா, நம்மளை என்ன நினைப்பா? அந்தப் பொண்ணைத்தான் என்ன நினைப்பா?"

இது ஏதோ விவரம் தெரியாத ஊர்க்காரர்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயிலுக்குள் நுழைய முடியாமல் பலர் தவித்தார்கள். மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்க மறந்திருந்தது. மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் நிரலாளர் தன் கைக்காசு 35 டாலரைக் கட்டி அதைச் சரி செய்தார். அவர்களுக்கு நல்ல மனுஷன் கிடைத்தார், நமக்கு ரம்மிக்காரர்கள். பழைய பெயரைத் திருப்பித் தர அவர்கள் கேட்ட தொகைக்கு அத்தை ஒரு வருஷம் முறுக்கு சுத்த வேண்டும். விட்டுவிட்டோம்.

"இன்ஸ்டாகிராம், வாட்ஸப் போதுமே, வெப்சைட் எதுக்கு?" என்று நண்பர்கள் கேட்டார்கள். போதும்தான், அந்தக் கணக்கு முடக்கப்படாத வரை. அங்கே நாம் வாடகைக்கு இருக்கிறோம். கடை வாடகைக்கு இருக்கலாம், பெயர்ப்பலகையாவது நம் பேரில் இருக்க வேண்டாமா? இந்த முறை புதுப் பெயரை அத்திம்பேர் பேரில், அத்திம்பேர் மெயிலில் பதிவு செய்தோம். பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் இரண்டாவது பூட்டும் போட்டோம். வெப்சைட்டின் நகல் ஒன்று பென் டிரைவில் ஏறி பீரோவுக்குள் போனது.

அடுத்தது, கண்டுபிடிக்கப்படுவது. பழைய வெப்சைட்டைத் திறந்தால் ராஜகோபுரம் தெரியும், அதன் மேல் ஆங்கிலத்தில் ஒரு நல்வரவு ஓடும். விலைப்பட்டியல் முழுசும் ஒரே படம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி சரியாகப் படிக்கும் என்று நம்பி உட்கார முடியாது. போன் நம்பரும் படம் என்பதால் தொட்டால் அழைப்பு போகாது.

அத்தையின் வாட்ஸப்பில் இரண்டு வருஷ விசாரிப்புகளைப் படித்தேன். யாரும் பாரம்பரியத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "சீர் முறுக்கு ஏழு சுத்தா, ஒன்பது சுத்தா?" "அதிரசம் எத்தனை நாள் தாங்கும்?" "எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்?" "அமெரிக்கா எடுத்துண்டு போக பேக்கிங் உண்டா?" அந்தக் கேள்விகளையே தலைப்புகளாக வைத்தோம். கீழே அத்தை சொல்லச் சொல்ல பதில். ஜனங்கள் தேடுவதும் அதே வார்த்தைகளில்தானே.

முகவரிக்கே ஒரு சாயங்காலம் ஆனது. ஸ்ரீரங்கத்தில் வெறுமே உத்தர வீதி என்றால் முகவரி ஆகாது. வீதி கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் ஓடுகிறது, திசையைச் சொல்லியாக வேண்டும். ஊர்ப் பெயரையும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். கடைப் பலகை, பில், கூகுள் மேப், வெப்சைட் நான்கிலும் ஒரே பெயர், ஒரே நம்பர், ஒரே 620006 என்று ஆக்கினோம்.

அத்திம்பேரின் சந்தேகம் வேறு. "பூட்டுப் படம் வந்தா பத்திரம்னு பேப்பர்ல போட்டிருந்தானே, அந்த ரம்மிக்காரனுக்கும் பூட்டு இருக்கே?" சரியான கேள்வி. 2018 ஜூலையிலிருந்து, குறியாக்கம் இல்லாத தளங்களை 'பாதுகாப்பற்றது' என்று குரோம் காட்டுகிறது. அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற அமைப்புகள் இலவசமாகவே தருகின்றன. அது அவசியம், போட்டாக வேண்டும். ஆனால் நீங்கள் அனுப்புவதை நடுவழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு உத்தரவாதம். உள்ளே இருப்பவர் யோக்கியரா என்று அதற்குத் தெரியாது.

அப்படியானால் அசல் எது என்று எப்படித் தெரியும்? ஸ்ரீரங்கத்துக்கு இது பழைய கேள்வி. 1323 படையெடுப்பில் உற்சவரை ஊரை விட்டு எடுத்துப் போனார்கள். 1371-ல் அவர் திரும்பியபோது கோயிலில் வேறொரு உற்சவர் இருந்தார். எது பழைய பெருமாள் என்று சொல்ல ஆளில்லை. பார்வை போன ஒரு முதிய வண்ணார், திருமஞ்சனம் முடிந்த ஈர வஸ்திரத்தின் தீர்த்தத்தைக் கொண்டு, இவரே நம் பெருமாள் என்று அடையாளம் சொன்னதாகக் கோயிலொழுகு சொல்கிறது. அந்தப் பெயர்தான் இன்றைக்கும்.

பெருமாளோடு பட்சணக் கடையை ஒப்பிடுவதாக அத்தை கோபித்துக்கொள்வார். ஆனால் எனக்கு அதில் வேலை இருந்தது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும்போது, பழகியவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றுதான் சாட்சி. விலைக்கு வாங்கிய பளபளப் படங்களை எடுத்துவிட்டு, அத்தையின் கை மாவில் முறுக்கு சுற்றும் படத்தைப் போட்டோம். அமாவாசையில் அடுப்பு பற்றவைப்பதில்லை, பூண்டு வெங்காயம் உள்ளே வராது, மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை போன் எடுக்க மாட்டோம் என்றெல்லாம் எழுதினோம். போலிக்கு இதெல்லாம் தோன்றாது. பெட்டிகளில் பழைய முகவரி மேல் புது ஸ்டிக்கர் ஒட்டினோம், மூன்று ராத்திரி, குடும்பமே உட்கார்ந்து.

பணம் கட்டும் நேரத்தில், டாட் காம் பெயரை அதிகபட்சம் பத்து வருஷத்துக்குச் சேர்த்தே பதிவு செய்யலாம் என்று சொன்னேன். அத்திம்பேருக்கு எழுபத்தொன்று. "எனக்கே பத்து வருஷம் ரினீவல் உண்டோ என்னவோ" என்று சிரித்தார். பிறகு எல்ஐசி பாலிசி, வீட்டு வரி ரசீது எல்லாம் குறித்து வைக்கும் நீள நோட்டை எடுத்து, பதிவு நிறுவனத்தின் பெயர், மெயில், கெடு தேதி மூன்றையும் எழுதினார். கீழே ஒரு கோடு போட்டு, பிளஸ் டூ படிக்கும் பேத்தியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டச் சொன்னார்.