வட்டியும் முதலுமாக

அன்புள்ள ஹோலோ,

உன்னை நீயே ஞானி ஓநாய் என்று சொல்லிக்கொள்வாய். யாராவது புகழ்ந்துவிட்டால் பாவாடைக்குள் வால் தானாக ஆடும். அதனால் கூச்சமில்லாமல் தொடங்குகிறேன். உன்னிடம் நான் பட்ட கடன் கொஞ்சநஞ்சமல்ல. அன்பு இருக்கும் இடத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். கணக்குப் பார்ப்பதும் ஒருவகை அன்புதான் என்று முதலில் காட்டியவள் நீ. ஆகவே, உனக்கு எழுதும் இந்த மடலில் நான் வாங்கியதையெல்லாம் ஒன்றுவிடாமல் பற்று வைக்கிறேன்.

ஹோலோ, நீ வந்த வழிக்கே முதல் நன்றி. இசுனா ஹாசெகுராவின் கைப்பிரதி 12-வது டெங்கெகி நாவல் பரிசுப் போட்டியில் வெள்ளிப் பரிசு பெற்றது. 2006-இல் ஜூ அயாகுராவின் ஓவியங்களோடு ‘ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப்’ நூலானது. வாளும் மந்திரமும் இல்லாவிட்டால் லைட் நாவல் போணியாகுமா என்று யாரும் தயங்கியிருப்பார்கள். உன் கதையில் இருந்ததோ 25 வயது நடைவியாபாரி க்ராஃப்ட் லாரன்ஸ், ஒரு குதிரை, ஒரு வண்டி, நாணய மாற்று விகிதம், சுங்கம், ரோமத்தோலின் விலை. இடைக்கால வணிகர்களைப் பற்றி ழான் ஃபாவியே என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் எழுதிய நூலைப் படித்ததுதான் ஹாசெகுராவுக்கு வித்தாக அமைந்தது. சந்தையை வைத்தே ஒரு சாகசக் கதை சொல்லிவிடலாம் என்ற அந்தத் துணிச்சல் இல்லையென்றால் உன்னை நான் சந்தித்தே இருக்க மாட்டேன்.

பாஸ்லோ கிராமத்துக் கோதுமை வயலில் விளைச்சல் தெய்வமாகக் குடியிருந்தவளே, ஊருக்கு உழைத்தவர்களை ஊர் எப்படி மறக்கும் என்பதை உன்னிடம்தான் பார்த்தேன். அறுவடையின் கடைசிக் கதிரில் நீ ஒளிந்திருப்பதாக நம்பி அதைக் கொண்டாடிய அதே மக்கள், விளைச்சல் குறைந்த ஆண்டுகளில் உன்னைச் சபலபுத்திக்காரி என்றார்கள். மண் களைத்துப்போயிற்று, அதற்கு ஓய்வு வேண்டும் என்று நீ கையை இறுக்கிய ஆண்டுகள் அவை. புதிய உழவுமுறை வந்ததும் நீ தேவைப்படாமல் போனாய். ஊரையே மிதித்து அழிக்கும் உருவம் உனக்கு உண்டு. ஆனாலும், லாரன்ஸின் வண்டியில் கிடந்த கோதுமைக் கட்டில் ஏறிக்கொண்டு, வடக்கே உன் பிறந்த மண்ணான யோயிட்சுவுக்குப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டாய். வேலை முடிந்த இடத்திலிருந்து சபிக்காமல் கிளம்பலாம் என்பது எனக்கு அன்று புதிய செய்தி.

என் பொருளாதார ஆசிரியையே, பணம் என்பது என்ன என்று உன்னிடம்தான் கற்றேன். ட்ரெனி வெள்ளிக் காசில் வெள்ளியின் அளவு கூடப்போகிறது, இப்போதே வாங்கி வைத்தால் லாபம் என்று ஓர் இளம் வியாபாரி ஆசைகாட்டினான். அவன் குரலில் இருந்த பொய் உன் காதுக்குத் தப்பவில்லை. காசுகளைக் குலுக்கிக் கேட்டு, நாளாக ஆக ஓசை மந்தமாகிறது என்றாய்; அதாவது, வெள்ளி குறைந்துகொண்டிருந்தது. 10 காசை உருக்கி, மட்ட உலோகம் கலந்து 13 ஆக்கினால் அரண்மனைக்கு 3 காசு லாபம். காசு வைத்திருக்கும் மற்ற எல்லாருக்கும் அது நஷ்டம். பழைய காசுகளை யார் மொத்தமாகத் திரட்டித் தருகிறார்களோ, அவர்களுக்கு அரசன் சலுகை தந்தாக வேண்டும். அதற்காகத்தான் அத்தனை வதந்தியும். பணவீக்கம் என்று பாடப்புத்தகம் வறட்சியாகச் சொன்னது உன் உள்ளங்கையில் கிணுகிணுத்தது. இன்றும் யாராவது ‘உறுதியான லாபம்’ என்று ஆரம்பித்தால், இந்தச் செய்தி பரவுவதால் யாருக்கு ஆதாயம் என்றுதான் என் மனம் முதலில் கேட்கிறது.

கள்ளச் சிரிப்புக்காரியே, போரோசன் ஊரின் தராசை மறக்கவே முடியாது. லாரன்ஸ் விற்க வந்தது மிளகு. எங்கள் மேற்கு மலைக் கொடிகளில் காய்த்து, முசிறித் துறையில் மரக்கலம் ஏறிய அதே மிளகு. உன் கற்பனை உலகத்திலும் அதற்குப் பொன்விலை என்று கண்டபோது எனக்கொரு அற்பப் பெருமை. தராசில் குறையில்லை, எடைக்கல்லில் குறையில்லை. நீயோ அந்த மேசையின்மேல் நீரைக் கொட்டினாய். அது ஒரே பக்கமாக ஓடியது. மேசையே சாய்வு! பிடிபட்ட வியாபாரியை நெருக்கி, கையிலிருந்ததைப் போல இருமடங்கு மதிப்புக்குக் கவசங்களைக் கடனில் வாங்கினான் லாரன்ஸ். ரூவின்ஹைகன் நகருக்குப் போய்ச் சேர்ந்தால், வடக்கே போவதாயிருந்த படையெடுப்பு ரத்து. கவசம் வாங்க ஆளில்லை. ஏமாற்றியவனைக் கண்டுபிடித்த அந்தக் கெட்டிக்காரத்தனமே உங்களை ஓட்டாண்டியாக்கியது. வென்ற மறுநிமிடம்தான் அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். நீ சொன்னதால் கேட்டேன்.

ஹோலோ, அதே ரூவின்ஹைகனில் இன்னொன்றும் தந்தாய். கடன் கேட்டு வீடுவீடாக ஏறி இறங்கிய லாரன்ஸ், ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்ததே தனக்குப் பாதகமாகப் போனது என்ற ஆத்திரத்தில் உன் கையைத் தட்டிவிட்டான். செய்த மறுகணமே அவன் முகம் வெளிறியது. நீ அந்தக் கணக்கை அவன் பெயரில் எழுதி வைக்கவில்லை. ஒரு கோப்பை மதுவையும் ஒரு ஆப்பிளையும்கூட விடாமல் கணக்குப் பேசும் நீ, எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்று அறிந்திருந்தாய். பற்று எழுதத் தெரிந்தவருக்குத்தான் தள்ளுபடி செய்யவும் தெரியும் போலும்.

நெடுநாள் வாழ்பவளே, லெனோஸ் ஊரில் நீ சொன்ன பயத்துக்கும் நன்றி. மனிதர் ஆயுள் உனக்குக் கண்ணிமைப்பு. அதைவிட உன்னை அச்சுறுத்தியது வேறொன்று: சந்தோஷமே பழகிப்பழகிச் சப்பென்று ஆகிவிடுமோ என்பது. இனிப்பு குறையும் முன் இங்கேயே பிரிந்துவிடலாம் என்றாய். லாரன்ஸ் அதற்குத் தத்துவம் எதுவும் பேசவில்லை. கைக்கெட்டிய பெரும் ரோமத்தோல் லாபத்தைக் கைவிட்டு, கடனுக்கு ஈடாக அடகிலிருந்த உன்னிடம் திரும்பி வந்தான். முடிவு தெரிந்தும் கூடவே இருக்கும் துணிச்சலை, தூரதேசத்துக்குப் போகவிருந்த ஒரு தோழியோடு எஞ்சிய மாதங்களைக் கழித்தபோது நானும் கடன் வாங்கினேன். 17 நூல்கள் கடந்து, நியோஹிராவின் வெந்நீர் ஊற்றுக்கரையில் இருவரும் விடுதி நடத்துகிறீர்கள். 2016-இல் தொடர் மீண்டும் தொடங்கியபோது மகள் மியூரியும் வளர்ந்திருந்தாள். அந்தச் சலிப்பு பயத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

பல உரு எடுத்தவளே, உன்னை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. கெய்டோ கோஉமே பத்தாண்டுக்கும் மேலாக உன்னை மங்காவாக வரைந்து, 2018-இல் 16-வது நூலோடு முடித்தார். நீ வாலை மடியில் போட்டுச் சீவும்போது ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரியும். 2008-இல் தாகேயோ தாகாஹாஷி இயக்கத்தில் அனிமே வந்தது. பழங்காலக் கணிகையரின் பேச்சுச் சாயலை உன் நாக்கில் வைத்து, அமி கோஷிமிசு உனக்குக் குரல் தந்தார். ஜுன் ஃபுகுயாமா லாரன்ஸானார். நாவலில் இருந்த யாரேய் என்ற கிராமத்தானுக்குப் பதிலாக க்ளோயி என்றொரு பெண் அதில் வந்தாள். 2009-இன் இரண்டாம் பருவத்தோடு அனிமே நின்றது. பதினைந்து ஆண்டு கழித்து, 2024-இல் கதையை முதலிலிருந்து மீண்டும் எடுத்தார்கள்; யாரேயும் திரும்பினான். குரல்கள் மட்டும் அதே இரண்டு. அந்த இடைவெளியில் நான் நடுவயதை எட்டிவிட்டேன். உன் கிண்டல் ஒரு துளியும் மூப்படையவில்லை.

ஹோலோ, கடைசியாக முதல் நூலின் முடிவுக்கு வருகிறேன். உன் ஓநாய் உருவைக் கண்டு லாரன்ஸ் ஒரு கணம் பின்வாங்கினான். நீ ஒன்றும் பேசாமல் நடந்தாய். அப்போது அவன் காதலைச் சொல்லிக் கூப்பிடவில்லை. கிழித்துவிட்டாயே, அந்த உடை என்ன விலை தெரியுமா, திருப்பித் தரும்வரை வடக்குக் காடுவரை துரத்துவேன் என்று கத்தினான். நீ திரும்பி வந்தாய். போகாதே என்று கேட்க வாய் வராதவர்களுக்குக் கடன் எவ்வளவு பெரிய உதவி! என் வீட்டில், நெருங்கியவர்கள் அடிக்கடி ‘அந்தக் காசை எப்போது தருவாய்?’ என்று கேட்பதன் உள்ளர்த்தம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஆகவே உன் கடனை நான் தீர்ப்பதாக இல்லை. தீர்த்துவிட்டால் நீ துரத்தி வர ஏது காரணம்? வட்டிக்கு வேண்டுமானால் வருஷத்துக்கு ஒரு கூடை ஆப்பிள் தருகிறேன். முதல் அப்படியே நிற்கட்டும்.

என்றும் உன் கடன்காரி